மூணாவது கால்

"கழுத்தை மட்டும் கொஞ்சம் அறுத்துக் குடு எத்தி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான் லாசர், போன மாதம் இந்தப் பட்டறை வாசலில் நின்று, பழைய லுங்கியில் சுற்றிய பேஸ் கிடாரைப் பிள்ளைப் பிணத்தைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. கிடாரின் கழுத்தைத்தான் சொன்னான். எனக்கு அவன் கழுத்துதான் தெரிந்தது. நாற்பத்தொரு வருஷத்தில் சதை தொங்கிவிட்டது, தொண்டைமுடிச்சு மட்டும் பழையபடி மேலும் கீழும் ஏறி இறங்குகிறது, அதில் இந்த உளியை வைத்து ஒரே ஒரு தட்டு, போதும். தட்டவில்லை. "உள்ள வா அண்ணே" என்றேன். நானா சொன்னேன், வாய் சொன்னது. இப்போது மணி பதினொன்று. பன்னிரண்டரைக்கு வந்து வாசித்துப் பார்த்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்றிருக்கிறான். கழுத்தின் முதுகைச் செதுக்கி உப்புத்தாள் போட்டாகிவிட்டது. கம்பிச் சத்தத்தை வாங்குகிற புது பிக்அப் உட்கார்ந்துவிட்டது. ஒன்பது வோல்ட் பேட்டரிக்கு வயிற்றில் குழி வெட்டியாகிவிட்டது. பாக்கி இருப்பது ஒரு ஒயர். கறுப்பு ஒயர், சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதைப் பற்றவைத்தால் லாசர் சாவான். வெட்டிப் போட்டால் பிழைப்பான். சால்டரிங் அயர்ன் சூடேறுகிறது, அதன் மூக்கில் புகை ஒரு கோடாக எழுந்து நிற்கிறது, நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டறை மூலையில் அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. காலையில் மரகதம் பால் வாங்கப் போன நேரம் பார்த்து அதன் முதுகுப் பலகையைக் கழற்றி உள்ளே ஒன்றை இடம் மாற்றி வைத்தேன். ப்ளக்கின் மூணாவது காலைப் பிடுங்கிவிட்டேன். எர்த் கால். மற்ற இரண்டும் ஒல்லியாக ஜோடியாக நிற்கும், இது மட்டும் மேலே தடித்து நீளமாகத் தனியாக நிற்கும், வீட்டுக்கு மூத்தவன் மாதிரி. அது இருக்கிற வரைக்கும் கரண்ட் தப்பான வழியில் போனால் அதுவே வாங்கிக்கொண்டு மண்ணுக்குள் விட்டுவிடும். அது இல்லாவிட்டால் கரண்ட் ஆளைத் தேடும். கிடார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைக்கிற ஆளைத் தேடும். என் தம்பி கஜபதி அப்படித்தான் செத்தான். இதே கிடார். இதே நாலு கம்பி. இன்று லாசர் இந்த மர ஸ்டூலில் உட்கார்ந்து, இதே கழுத்தைப் பிடித்து, எதிரே நான் நிறுத்தி வைத்திருக்கிற மைக்கில் வாயை வைத்து ஒரு வரி பாடுவான். பாடாமல் இருக்க மாட்டான். அவன் சாவதற்கு மூன்று நொடி ஆகும். கஜாவுக்கு அவ்வளவுதான் ஆயிற்று. நான் எண்ணினேன். எண்ணவில்லை, என் காது எண்ணியது. மைக்கில் போன சத்தம் ஸ்பீக்கரில் வெளியே வந்து தெருவெல்லாம் கேட்டது, முதலில் பாட்டு, அப்புறம் பாட்டு மாதிரியே ஒன்று, அப்புறம் பல் இரும்பைக் கடிக்கிற சத்தம்.

வெளியே பழசாக இருக்கணும், உள்ளே புதுசாக இருக்கணும். இப்போது வருகிறவர்கள் எல்லாருக்கும் இதுதான் வேண்டும். அந்தக் காலத்துச் சாயம், அந்தக் காலத்துக் குமிழ், ஆனால் இரைச்சல் கூடாது, கனம் கூடாது, கழுத்து மெலிசாக இருக்கணும், சுதி இறங்கக் கூடாது. புத்தம் புதுக் கிடாரைக் கொண்டுவந்து, "அடிபட்ட மாதிரி பண்ணிக் குடுங்க அங்கிள்" என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. நான் அதைக் கொல்லையில் போட்டுச் சைக்கிள் சங்கிலியால் அடிப்பேன். சாவிக்கொத்தால் குத்துவேன். ஓரத்தில் உப்புத்தாளை வைத்து இழுத்து எலும்பு தெரியத் தோலை உரிப்பேன், பிறகு டீத்தண்ணி தடவி ஆறவைப்பேன். அடிக்கும்போது மரகதம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யார நெனச்சிகினு அட்ச்சிகினு கீற, உண்மையச் சொல்லு" என்பாள். சிரிப்பேன். யாரை நினைத்து அடிப்பேன் என்று எனக்கல்லவா தெரியும். ஆனால் இந்தக் கிடாருக்குப் பொய்க் காயம் தேவையில்லை. நடுவில் மஞ்சளாய், ஓரம் போகப் போகக் கறுத்த சாயம், குதிகால் மாதிரி வெடித்துக் கிடக்கிறது. கீழே ஒரு கீறல், கஜாவின் பெல்ட் கொக்கி கீறியது. மேல் கொம்பில் ஒரு பொக்கை, அவன் மேடையில் விழுந்தபோது பட்டது. மரம் குடைகிற ரூட்டரை அதன் வயிற்றில் இறக்கி இரண்டு புது பிக்அப்புக்கும் இடம் வெட்டினபோது மரத்தூள் பறந்து முகத்தில் அடித்தது, நாக்கில் பட்டது, கசந்தது. இது என் தம்பியைத் தின்ற மரம் என்று நினைத்தேன். மெஷினை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மறுபக்கம் வந்துவிடும், இரண்டாகப் பிளந்து அடுப்பில் வைத்துவிடலாம். அழுத்தவில்லை. ஒரு நூல் பிசகாமல் வெட்டினேன். கைக்குக் கோபமே கிடையாது, அதுதான் இந்தக் கையோடு எனக்கு இருக்கிற சண்டை.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தின ஆடி மாசம். கூழ் வார்க்கிற திருவிழா. பெரம்பூரில் ரயில்வே லயன் பக்கம் ஒரு அம்மன் கோயில், தெருவை அடைத்துப் பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டிய மேடை, அந்திச் சாரலில் நனைந்த சாக்கு மேடை முழுக்க. லாசர்தான் எங்கள் பாட்டுக் குழுவுக்குத் தலைவன், பேஸும் அவன்தான். அன்றைக்கு அவனுக்குக் கட்டைவிரலில் நகச்சுத்து, வீங்கி மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தது. "கஜா, நீயே வாசிச்சிகினு நீயே பாடு" என்று கிடாரைத் தூக்கி அவன் கழுத்தில் மாட்டிவிட்டான். மாட்டிவிட்டான். மாலை மாதிரி. எத்தனை தடவை இந்த இடத்துக்கு வந்து நிற்கிறேன், நான் ஏன் அந்த வாரை அறுத்தெறியவில்லை. கஜாவுக்கு இருபத்திரண்டு. மைக்குக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி பாடுவான், பாடி முடிக்கிறபோது மைக்கின் வலையில் எச்சில் மின்னும், "ச்சீ, தொடச்சி வைடா" என்று நான் திட்டுவேன். எனக்கு ஒயர் வேலை, ஆம்ப்ளிஃபையர் வேலை. ஆறாவதோடு நின்ற படிப்பு, ஆனால் கொசு பறந்தால் அது எந்தச் சுதி என்று சொல்லுவேன், அப்படி ஒரு காது. கிடாரை மாட்டியதும் ஆம்ப்ளிஃபையர் உம்ம்ம் என்று இரைய ஆரம்பித்தது. கஜாவின் சுதிக்கு அரைக்கட்டை கீழே, ஓயாமல், பல்லில் மணல் அரைபடுகிற மாதிரி. கூட்டத்தில் ஒருத்தருக்கும் அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எல்லா மேடையிலும் ஒயர்க்காரர்கள் செய்கிற வேலைதான், எர்த் காலைப் பிடுங்கிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும். லாசர்தான் பிடுங்கச் சொன்னான். அப்படித்தான் நான் எல்லாரிடமும் சொன்னேன். போலீசிடம், அம்மாவிடம், கல்யாணம் ஆன பிறகு மரகதத்திடம். லாசர் சொன்னான், நான் பிடுங்கினேன். இல்லை, முதலில் எல்லாம் லாசர் பிடுங்கினான் என்றுதான் சொன்னேன். பிறகு லாசர் பிடுங்கச் சொன்னான். கொறடு யார் கையில் இருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"இன்னாங்க, மோர் வெச்சி எவ்ளோ நேரம் ஆவுது. கிடார மொறச்சிகினே கீற, அது இன்னா உன் மாமியாரா?" மரகதம். திரும்பிப் பார்க்காமல் மோரை வாங்கிக் குடிக்கிறேன். உப்பு அதிகம், இல்லை என் வாய்தான் அப்படி இருக்கிறதா. "அந்த அண்ணன் வந்தா சாப்புட வெக்கலாமா, கொழம்பு கீது" என்கிறாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, வை என்கிறேன். சாகப் போகிறவனுக்குக் குழம்பு. நான் சொன்ன லாசர் இவன்தான் என்று அவள் அறியாதவள், பழைய கூட்டாளி என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். போன மாதம் அவன் கையைப் பார்த்துவிட்டு அவன் எதிரிலேயே கேட்டாள், "இன்னா அண்ணே, வெரலு இப்டி கோணிக்கினு கீது?" அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "ரயில் பெட்டிக் கதவுல மாட்டிக்கிச்சி தங்கச்சி." அந்தக் கதவு நான்தான்.

கஜாவை மேடையில் இருந்து இறக்கும்போது இடது உள்ளங்கையில் நாலு கறுப்புக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. நாலு கம்பி. நான் அதைப் பார்த்தேன், நிமிர்ந்தேன், மேடைக்குப் பின்னால் லாசர் நின்றுகொண்டிருந்தான், வாயைத் திறந்தபடி. மைக் ஸ்டாண்டைத் தூக்கினேன். முதல் அடி தோளில். இரண்டாவது காதோரம், தோல் பிளந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கியது. "இவன்தான்! இவன்தான் புடுங்கினான்!" என்று கத்தினேன், அதைக் கேட்டு நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தன் வயிற்றில் மிதித்தான். ஒருத்தன் கூழ்ப் பானை மூடியால் வாயில் அடித்தான், பல் ஒன்று சேற்றில் விழுந்து வெள்ளையாகத் தெரிந்தது. லாசர் கையால் தலையை மூடிக்கொண்டான். அந்தக் கையை இழுத்துத் தரையில் வைத்து, ஸ்டாண்டின் இரும்பு அடித்தட்டைத் தூக்கி இறக்கினேன். நடுவிரல். மறுபடியும் தூக்கி இறக்கினேன், மோதிரவிரல். இரண்டும் ஒரே மாதிரி உடையவில்லை. நடுவிரல் ஈரச் சுள்ளி மாதிரி மந்தமாக, மோதிரவிரல் அதற்கு ஒரு கட்டை மேலே, டக்கென்று. எந்தச் சாமி எனக்கு இந்தக் காதைக் கொடுத்தது. சுண்டுவிரலுக்காக ஓங்கும்போதுதான் அவன் கத்த ஆரம்பித்தான். "வுடுன்னுதான்டா சொன்னேன்! எத்தி, நான் வுடுன்னுதான்டா சொன்னேன்!" "ஒத்துக்கினான் பார்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் சுண்டுவிரலையும் உடைத்தேன்.

வுடு. இந்த ஒரு சொல் நாற்பத்தொரு வருஷமாக மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. நான் மேடைக்கு அடியில் குனிந்தபடி கேட்டேன், "அண்ணே, இரையுதுண்ணே, எர்த்து காலப் புடுங்கிடட்டா?" பம்பை அடிக்கிறது, பட்டாசு வெடிக்கிறது, பையன்கள் விசில். அதற்கு நடுவே லாசர் ஏதோ சொன்னான். வாக்கியத்தின் வால்தான் வந்து சேர்ந்தது. "...வுடு." புடுங்கி வுடு. வேறென்ன இருக்க முடியும், நான் கேட்டது அது, அவன் சொன்னது அது. புடுங்கி வுடு. கொறடால் பிடித்து ஒரு திருகு திருகினேன், கால் கையோடு வந்தது, இரைச்சல் நின்றது, என் காது குளிர்ந்தது. ஆமாம், குளிர்ந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் இல்லாத இடத்தில். கஜா செத்துக்கொண்டிருந்த முதல் நொடியில் நான் ஆகா என்ன சுத்தமான சத்தம் என்று நினைத்தேன். அப்புறம் இருக்கிறதெல்லாம் அந்த வால். அடிபடுகிறபோது அவன் கத்தின வுடு என்னை விடுடா என்பதா, புடுங்கி வுடு என்றேன் என்று ஒப்புக்கொள்வதா, இல்லை மூன்றாவதாக வேறு ஒன்றா. மூன்றாவதை மட்டும் நான் நினைக்க மாட்டேன். அந்தக் கதவுக்குத் தாழ் போட்டிருக்கிறேன். அதைத் திறந்தால் நான் உடைத்த மூன்று விரலும் எழுந்து வந்து என் தொண்டையைப் பிடிக்கும்.

"ஏன் என்கிட்ட வந்தே?" என்று போன மாதம் கேட்டேவிட்டேன், மரகதம் உள்ளே போன பிறகு. "ஒடச்சவனுக்குத்தானே அளவு தெரியும்" என்றான், பல் போன இடம் தெரியச் சிரித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் கல்யாணமாம். ஒரே ஒரு பாட்டு அவன் வாசித்துப் பாட வேண்டுமாம். இந்தத் தடிக் கழுத்தைக் கோணல் விரல் சுற்றிப் பிடிக்க மாட்டேன் என்கிறதாம். பழுப்புக் காகிதத்தை விரித்து அவன் கையை அதன்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். நடுவிரல் வரைக்கும் பென்சில் ஒழுங்காகப் போயிற்று, பிறகு ஆற்றங்கரை மாதிரி வளைந்து வளைந்து. அந்தப் படம் இதோ சுவரில். இருபது நாள் இதைப் பார்த்துத்தான் கழுத்தைச் செதுக்கினேன், அவன் மோதிரவிரல் திரும்புகிற இடத்தில் ஒரு நூல் பள்ளம், சுண்டுவிரல் ஒட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு சரிவு. உலகத்தில் வேறு எந்தக் கைக்கும் இந்தக் கழுத்து பொருந்தாது. ஒருத்தனைக் கொல்ல நினைக்கிறவன் அவனுக்கு இப்படிச் செருப்புத் தைத்த மாதிரி செய்து வைப்பானா. வைப்பான். சரியாகப் பொருந்தினால்தான் இறுக்கிப் பிடிப்பான், இறுக்கிப் பிடித்தால்தான் கம்பி கையை விடாது.

புது பிக்அப் வந்த டப்பாவில் ஒரு தாள் இருந்தது. இங்கிலீஷ் எழுத்துப் படிக்க வராது, படம் பார்க்கத் தெரியும். கம்பிக்கு அடியில் இருந்து எர்த்துக்குப் போகிற இந்தக் கறுப்பு ஒயரைப் போட்டு அதன்மேல் கத்தரிக்கோல் வரைந்திருக்கிறான் கம்பெனிக்காரன். இந்தப் புது செட்டுக்கு அது வேண்டாம், வெட்டிவிடு, வாசிக்கிறவனுக்கு அதுதான் நல்லது. முன்பெல்லாம் அந்த ஒயர் இல்லாவிட்டால் கிடார் கத்தும், அதனால் எல்லாக் கிடாரிலும் இருந்தது, கஜா கையில் இருந்ததிலும் இருந்தது. இப்போது ஒரு கத்தரிப் படத்தில் முடித்துவிட்டான். கஜாவின் இருபத்திரண்டு வயசுக்கு இந்தத் தாள் நாற்பத்தொரு வருஷம் தாமதம். அயர்ன் போதுமான அளவு சூடு. ஈயத்தைத் தொடுகிறேன், உருகி உருண்டு மின்னுகிறது, ஒயரை அதற்குள் நீட்டுகிறேன். ஊதுகிறேன். பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்க்கிறேன், வரவில்லை. நல்ல வேலை. மூடியைப் போட்டு நாலு ஸ்க்ரூவையும் முடுக்குகிறேன். கடைசி ஸ்க்ரூவில் விரல் வழுக்கித் திருப்புளி உள்ளங்கையில் குத்துகிறது, ரத்தம் ஒரு பொட்டு அந்த மஞ்சளில் விழுகிறது. துடைக்கிறேன். வெடிப்புக்குள் போன ரத்தம் துடைக்க வரவில்லை. இருக்கட்டும், பழசு மாதிரி இருக்கும்.

பன்னிரண்டு இருபதுக்கே வந்துவிட்டான். செருப்புச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது, இடது கால் லேசாக இழுக்கிறது, அதுவும் அன்றைக்கு வாங்கிய மிதியா. மரகதத்திடம் கல்யாணப் பத்திரிகையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்து, "தங்கச்சி, இவனையும் இட்டுகினு வரணும், இல்லன்னா நானே வந்து தூக்கினு போவேன்" என்கிறான். "தூக்கிப் பாரு அண்ணே, இடுப்பு போவும்" என்கிறாள் அவள். சிரிக்கிறார்கள். இவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் சுவிட்சைப் போடுகிறேன். வால்வுகள் மெல்லச் சிவக்கின்றன. லாசர் ஸ்டூலில் உட்கார்ந்து கிடாரை மடியில் வாங்குகிறான், முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்க்கிறான். "மொகம் அப்டியே கீதுடா." இடது கை கழுத்தைச் சுற்றுகிறது. சுற்றியது அப்படியே நின்றது. கோணல் விரல் மூன்றும் என் பள்ளத்திலும் சரிவிலும் போய் உட்கார்ந்துகொண்டன, கூட்டுக்குள் குருவி போகிற மாதிரி. கையையே பார்த்தான். "டேய்" என்றான். அவ்வளவுதான். பிறகு கட்டைவிரலால் தடித்த கம்பியைத் தட்டினான், அது வயிற்றில் போய் இடித்தது, ஷெல்பில் டப்பாக்கள் நடுங்கின. அதற்குக் கீழே, அதற்கும் கீழே, அது. உம்ம்ம். அதே அரைக்கட்டை கீழே. எர்த் கால் இல்லாமலும் இரைகிறது, காலையில் உள்ளே நான் இடம் மாற்றி வைத்ததன் குரல். நாற்பத்தொரு வருஷம் கழித்து அந்த இரைச்சல் என் பட்டறைக்குள் வந்து நிற்கிறது, நானே கதவைத் திறந்து கூட்டிவந்தேன்.

மைக்கைப் பார்த்து முகத்தை நீட்டினான். உதட்டுக்கும் வலைக்கும் ஒரு சாண். சாக வேண்டும். அரைச் சாண். சாகட்டும். நின்றான். காதைச் சாய்த்தான். "எத்தி, இரையுதுடா" என்றான். மூன்று விரல் இடைவெளி. அவன் தொண்டைமுடிச்சு ஏறி இறங்குகிறது. "ஒரு பாட்டுதானே" என்றான், மைக்கைப் பார்த்தபடியே, எனக்கென்று இல்லாமல், "இரையட்டும் வுடு."

வுடு. மேலே ஏறுகிறது. இரையட்டும் என்று கீழே வந்து, வுடு என்று வாலை மட்டும் லேசாக மேலே தூக்குகிறது, கன்றுக்குட்டி மாதிரி. புடுங்கி வுடு என்று ஒருத்தன் ஏவினால் வால் கீழே விழும், கீழேதான் விழும், யார் சொன்னாலும். பம்பைக்கும் பட்டாசுக்கும் நடுவே எனக்கு வந்து சேர்ந்த வால் மேலே ஏறின வால். இது எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே தெரியும். கொசுவின் சுதி சொல்லுகிற காது, இதைத் தப்பாகக் கேட்குமா. கேட்கவில்லை. சரியாகத்தான் கேட்டது. இரைச்சல் பொறுக்காமல் நான்தான் அதைத் தப்பாக வைத்துக்கொண்டேன். இரண்டு விரல். எப்போது எழுந்தேன் தெரியாது, பாய்ந்தேன், முழங்கால் பெஞ்சில் மோதியது, டப்பா உருண்டது, சுவரில் இருந்த ப்ளக்கைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். மிச்சமிருந்த இரண்டு காலும் கையோடு வந்தன. வால்வுகளில் சூடு இருந்ததால் அந்த ஸ்வரம் உடனே சாகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, மெலிந்து, ஒரு முனகலாகி, பிறகு இல்லை. லாசரின் உதடு மைக்கில் பட்டது. ஒன்றும் ஆகவில்லை. வெறும் இரும்பு.

"இன்னாடா?" என்றான் திடுக்கிட்டு.

"இரைச்சல்... பொறுக்கல அண்ணே."

"அப்பவும் உனக்கு இதாண்டா வியாதி" என்றான். கசப்பே இல்லாமல் சொன்னான், இருமல்காரனைப் பார்த்து உனக்கு இருமல் என்று சொல்லுகிற மாதிரி. என் கையில் இருந்து தரையில் ரத்தம் சொட்டுகிறது. திருப்புளி குத்தின இடம் திறந்துகொண்டது. உள்ளே மரகதம் தட்டு வைக்கிற சத்தம்.

"குடு அண்ணே. உள்ள ஒரு ஒயரு வெட்டணும்."

கொடுத்தான். கிடார் போன பிறகும் அவன் இடது கை கழுத்தைப் பிடித்த வாக்கிலேயே காற்றில் நின்றது. ஸ்க்ரூக்களைக் கழற்றினேன், கட்டிங் பிளேயரை அந்தக் கறுப்பு ஒயரில் வைத்தேன், வெட்டினேன். பிறகு நிமிராமலே, "அண்ணே, அன்னிக்கி அந்தக் காலு..." என்று ஆரம்பித்தேன்.

"வுடு" என்றான் லாசர்.

இந்த முறை முழு வாக்கியமும் காதில் விழுந்தது. அவ்வளவுதான் வாக்கியமே.